கரும்பொருளா, ஈர்ப்பு விதியில் பிழையா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் பற்றிப் பேசப் போகும் இடங்களில், தலைப்பு எதுவாக இருந்தாலும் கேள்வி நேரம் பெரும்பாலும் கரும்பொருளில்தான் போய் நிற்கிறது. இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்கிறார்கள் என்ற ஐயமும், நியூட்டன் சொன்னது தவறு என்று நிரூபித்துவிட்டார்களாமே என்ற செய்தியும் மாறி மாறி வருகின்றன. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றை எடுத்துக்கொண்டு நகர்வதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

கரும்பொருள் என்றால் என்ன, சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

ஒளியை வெளியிடாமலும் உறிஞ்சாமலும், ஈர்ப்பு விசையின் வழியாக மட்டுமே தன்னை உணர்த்துகிற ஒரு பொருள் அண்டமெங்கும் இருப்பதாகக் கொண்டால், தனித்தனியாக எடுக்கப்பட்ட பல அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அந்தப் பொருளைத்தான் கரும்பொருள் என்கிறோம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளாங்க் விண்கலம் தந்த அளவுகளின்படி, அண்டத்தின் மொத்தக் கணக்கில் நாம் அறிந்த அணுக்கள் சுமார் 5 விழுக்காடு, கரும்பொருள் சுமார் 27 விழுக்காடு, மீதி இருண்ட ஆற்றல்.

சூரியனின் அக்கம்பக்கத்தில் அதன் அடர்த்தி, ஏறத்தாழ மூன்று கன சென்டிமீட்டருக்கு ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை என்று மதிப்பிடப்படுகிறது. அந்தக் கணக்கில் பூமிப் பந்தின் கன அளவு முழுவதிலும் எந்த நேரத்திலும் இருக்கும் கரும்பொருள் ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. ஆகையால் கோள்களின் இயக்கத்தில் அது தென்படுவதில்லை. பல்லாயிரம் ஒளியாண்டு அகன்ற வெளியில் சேரும்போதுதான் அதன் நிறை மேலோங்குகிறது.

கரும்பொருளும் இருண்ட ஆற்றலும் ஒன்றுதானே?

இல்லை. கரும்பொருள் ஈர்த்துச் சேர்க்கிறது, ஆங்காங்கே திரள்கிறது. இருண்ட ஆற்றல் எங்கும் ஒரே சீராக இருந்து, அண்டம் விரியும் வேகத்தைக் கூட்டுகிறது. 1998-ல் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை அளந்தபோது தெரிய வந்தது அது. இந்தப் பக்கத்தில் அதைப் பற்றி வேறு பேச்சு இல்லை.

கண்ணுக்கே தெரியாத ஒன்று இருக்கிறது என்று முதலில் யாருக்கு, எதனால் தோன்றியது?

1933-ல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா கொத்து எனப்படும் விண்மீன் மண்டலக் (கேலக்ஸி) கூட்டத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள மண்டலங்கள் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் அங்குமிங்கும் விரைந்துகொண்டிருந்தன. ஒளிரும் பொருளின் ஈர்ப்பு மட்டுமே அவற்றைக் கட்டிப்போட்டிருந்தால், கொத்து என்றைக்கோ சிதறிப்போயிருக்க வேண்டும். அவர் போட்ட கணக்கில் பற்றாக்குறை மிகையாக வந்தது. கொத்துகளுக்குள் பெருமளவில் வெப்ப வாயு இருப்பது எக்ஸ் கதிர் வானியல் வளர்ந்த பிறகே தெரிந்தது. அந்த வாயுவையும் சேர்த்த பின்னரும் பற்றாக்குறை தீரவில்லை.

இரண்டாவது சான்று விண்மீன் மண்டலங்களின் சுழற்சி. சூரியனைப் பூமி விநாடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது, நெப்டியூனோ சுமார் 5.4 கி.மீ. வேகத்தில்தான் சுற்றுகிறது. நிறையெல்லாம் நடுவில் இருந்தால், வெளியே போகப் போக வேகம் இப்படிக் குறைந்தே ஆக வேண்டும். வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா மண்டலத்தில் 67 வாயுத் திட்டுகளின் நிறமாலையை எடுத்து 1970-ல் வெளியிட்டபோது, விளிம்பை நெருங்கியும் வேகம் எதிர்பார்த்தபடி சரியவில்லை. ஃபோர்டு உருவாக்கிய மின்னணுப் பிம்பக் குழாய் இல்லாமல் அவ்வளவு மங்கலான திட்டுகளின் நிறமாலையை அன்று எடுத்திருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1978-ல் ஆல்பர்ட் போஸ்மா, ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையைக் கொண்டு, விண்மீன்கள் முடிந்துபோன இடத்துக்கும் அப்பால் வேகம் மட்டமாகவே நீள்வதைப் பல மண்டலங்களில் காட்டினார். அதன் பிறகு இதைக் கருவிப் பிழை என்று ஒதுக்க முடியவில்லை.

அது வெறும் தூசியாகவோ, அணைந்துபோன விண்மீனாகவோ, கருந்துளையாகவோ இருக்கக் கூடாதா?

மிக நியாயமான கேள்வி. வானியலாளர்களும் முதலில் அங்கேதான் தேடினார்கள். தூசியும் வாயுவும் அகச்சிவப்பிலோ ரேடியோவிலோ எக்ஸ் கதிரிலோ எங்காவது அகப்பட்டுவிடும். ஒளிராத விண்மீன்களையும் கருந்துளைகளையும் பிடிக்க, போடான் பச்சின்ஸ்கி 1986-ல் ஒரு வழி சொன்னார்: அப்படிப்பட்ட பொருள் ஒன்று, பால்வீதியின் அண்டை மண்டலமான மெகல்லன் மேகத்திலுள்ள ஒரு விண்மீனின் குறுக்கே வந்தால், அதன் ஈர்ப்பு வில்லைபோல் செயல்பட்டு அந்த விண்மீனைச் சில நாட்களோ வாரங்களோ கூடுதலாக ஒளிரச் செய்யும். 1990-களில் தொடங்கிப் பல குழுக்கள் கோடிக்கணக்கான விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தும், தேவையான எண்ணிக்கைக்கு அருகில்கூட நிகழ்வுகள் வரவில்லை.

இன்னொரு தடையும் உண்டு. அண்டம் தோன்றிய முதல் சில நிமிடங்களில் உருவான டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனின் அளவு, அன்று எவ்வளவு அணுப்பொருள் இருந்தது என்பதைப் பொறுத்தது. இன்று அளக்கப்படும் டியூட்டீரியம் மேலே சொன்ன 5 விழுக்காட்டுக்கே இடம் தருகிறது. எனவே, அணுக்களால் ஆன எதுவும் போதாது. விண்மீன்கள் பிறக்கும் முன்பே உண்டான, குறுங்கோள் அளவு நிறையுள்ள கருந்துளைகளுக்கு மட்டும் கதவு இன்னும் திறந்திருக்கிறது.

நியூட்ரினோதான் கரும்பொருள் என்று எங்கோ படித்தேனே? தேனியில் கட்டவிருந்தது இதற்காகத்தானா?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட ஆய்வகத்தின் முதன்மை நோக்கம், காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களைப் பெரிய இரும்பு உணர்கருவியால் ஆராய்வது. கரும்பொருளைத் தேடுவது அதன் முதல் வேலை அன்று.

நியூட்ரினோ உண்மையில் ஒரு வகைக் கரும்பொருளே. ஒளியோடு உறவில்லாத, நிறையுள்ள துகள். ஆனால் அந்த நிறை மிகச் சிறியது. ஜெர்மனியின் காட்ரின் சோதனை அதன் உச்ச வரம்பை 0.45 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்திருக்கிறது. அது எலக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு இலேசான துகள்கள் தொடக்க காலத்தில் ஒளி வேகத்தை ஒட்டிப் பறந்திருக்கும். அவற்றால் சிறிய திரள்கள் உருவாகவே முடியாது. நாம் காணும் அண்டத்திலோ சிறிய மண்டலங்கள் மலிந்து கிடக்கின்றன.

இத்தனை ஆண்டாகத் தேடியும் ஒரு துகள்கூடக் கிடைக்கவில்லையே, இன்னுமா நம்புகிறீர்கள்?

கிடைக்கவில்லை என்பது உண்மை. அதை மென்று விழுங்கக் கூடாது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பத்து டன் திரவ செனானை வைத்து, கரும்பொருள் துகள் ஒன்று அதில் மோதுமா என்று எல்இசட் சோதனை காத்திருக்கிறது. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியிலும் சீனாவின் ஜின்பிங் மலைக்கு அடியிலும் இதே வகைக் கருவிகள் உள்ளன. கனமான, அணுக்களோடு மிக மெலிதாக மட்டுமே மோதுகிற ‘விம்ப்’ என்ற துகள் வகைக்கு முன்பு மிகவும் எதிர்பார்க்கப்பட்ட இடங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துவிட்டன. கிரான் சாசோவிலேயே டாமா என்ற குழு, சோடியம் அயோடைடு படிகங்களில் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் ஒரு சைகையைக் காண்பதாக நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அதே வகைப் படிகத்தைக் கொண்டு தென் கொரியாவிலும் ஸ்பெயினிலும் சோதித்தவர்களுக்கு அந்தச் சைகை கிடைக்கவில்லை.

ஆனால் இந்தச் சோதனைகள் ஒரு குறிப்பிட்ட துகளைத் தேடுகின்றன. விம்பைவிடப் பல கோடி மடங்கு இலேசான ஆக்சியான் என்ற துகளைத் தேட முற்றிலும் வேறு கருவி வேண்டும். வலிய காந்தப் புலத்துக்குள் ஒரு உலோகக் குழியை வைத்து, ரேடியோவில் நிலையம் தேடுவதுபோல் அலைவெண்ணைச் சிறிது சிறிதாக நகர்த்தி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஏடிஎம்எக்ஸ் குழு தேடுகிறது. அந்தத் தேடலில் பெரும்பகுதி இனிமேல்தான் நடக்க வேண்டும். தவிர, ஈர்ப்பைத் தவிர வேறெதற்கும் பிடிகொடுக்காத துகளாக அது இருந்தால், எந்தச் சுரங்கத்திலும் சிக்காது. வானத்துச் சான்றுகளை இந்தத் தோல்வி தொடவில்லை. எனினும், நான்கு பத்தாண்டு மௌனம் மாற்று வழிகளை அக்கறையோடு கேட்க வைக்கப் போதுமான காரணம் என்றே நினைக்கிறேன்.

இல்லாத பொருளைத் தேடுவதைவிட நியூட்டன் விதியைத் திருத்திவிடலாமே?

இஸ்ரேலின் வைசுமன் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்டெகாய் மில்க்ரோம் 1983-ல் அதைத்தான் செய்தார். திருத்தப்பட்ட நியூட்டன் இயக்கவியல் என்ற அந்தக் கருத்தை அதன் சுருக்கப் பெயரால் ‘மாண்ட்’ என்பார்கள். முடுக்கம் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் இருக்கும்வரை நியூட்டன் விதி அப்படியே பொருந்தும். அதற்குக் கீழே போனால் ஈர்ப்பு, நியூட்டன் சொன்னதைவிட மெதுவாகக் குறையும். அந்த எல்லை, விநாடி வர்க்கத்துக்கு ஒரு மீட்டரை ஆயிரம் கோடியால் வகுத்தால் வருவதைவிடச் சற்றே அதிகம். இந்த முடுக்கத்தில் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் ஒரு பொருள், விநாடிக்கு ஒரு மீட்டர் என்ற நடை வேகத்தை எட்டவே 260 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

சூரியனிலிருந்து இவ்வளவு பலவீனமான ஈர்ப்பை உணர, பூமியின் தொலைவைப் போல் சுமார் 7,000 மடங்கு தள்ளிப் போக வேண்டும். எனவே கோள்களும் விண்கலங்களும் நியூட்டன், ஐன்ஸ்டீன் கணக்குப்படி ஓடுவதில் வியப்பில்லை. ஆனால் பால்வீதியைச் சுற்றும் சூரியனின் முடுக்கமே அந்த எல்லையைப் போல் இரண்டு மடங்குக்குள்தான் இருக்கிறது. விண்மீன் மண்டலங்களின் வெளிப்புறம் முழுவதும் மாண்ட் ஆட்சிக்கு உட்பட்டது.

ஒரு எண்ணைச் செருகினால் எதை வேண்டுமானாலும் பொருத்தலாம், இதில் என்ன பெருமை?

இந்த இடத்தில் மாண்ட் குறைத்து மதிப்பிடப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. அந்த எண் மண்டலத்துக்கு மண்டலம் மாறுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே எண். கரும்பொருள் முறையில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் எவ்வளவு கரும்பொருள், எப்படிப் பரவியிருக்கிறது என்று தனித்தனியே பொருத்த வேண்டியிருக்கிறது. மாண்ட்டிலோ விண்மீன்களும் வாயுவும் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிட்டால், சுழற்சி வேகம் தானாக வந்துவிடும்.

இதன் விளைவாக ஒரு கணிப்பும் உண்டு: மட்டமான சுழற்சி வேகத்தின் நான்காம் அடுக்கு, மண்டலத்தின் விண்மீன், வாயு இரண்டும் சேர்ந்த நிறைக்கு நேர் விகிதத்தில் இருக்க வேண்டும். விண்மீன் குறைந்து வாயு மிகுந்த மங்கலான மண்டலங்கள் சரியாக அளக்கப்பட்டபோது, அவையும் அந்தக் கோட்டிலேயே வந்து அமர்ந்தன. 2016-ல் ஸ்டேசி மெக்காவும் உடன் ஆய்வாளர்களும் 153 மண்டலங்களை எடுத்துக்கொண்டு, அணுப்பொருளின் ஈர்ப்பையும் உண்மையில் காணப்படும் முடுக்கத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டபோது, எல்லாம் மிக ஒடுக்கமான ஒரே வளைவில் விழுந்தன. கண்ணுக்குத் தெரியாத பொருள் ஐந்து மடங்கு இருந்தும், கண்ணுக்குத் தெரிகிற சொற்பப் பொருளே சுழற்சியை இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிடுவது ஏன்? கரும்பொருள் தரப்பினர் மண்டலங்கள் உருவாகும் கணினிப் போலச்செய்தல்கள் மூலம் இதற்கு விடை சொல்கிறார்கள். ஓரளவு ஏற்கத்தக்க விடைதான். ஆனால் அது பின்னால் வந்த விடை, மில்க்ரோம் சொன்னது முன்னால்.

அப்படியானால் மாண்ட்டை எல்லோரும் ஏற்க வேண்டியதுதானே?

தனி மண்டலங்களை விட்டுக் கொத்துகளுக்குப் போனதும் அது தடுமாறுகிறது. சுவிக்கி கண்ட பற்றாக்குறையை மாண்ட் குறைக்கிறது. முழுவதும் தீர்ப்பதில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கு இடைவெளி மிஞ்சுகிறது. அதை நிரப்ப ராபர்ட் சாண்டர்ஸ், 2 எலக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள நியூட்ரினோக்களை முன்வைத்தார். முன்பு சொன்ன காட்ரின் வரம்பு அந்த வழியை அடைத்துவிட்டது.

இதைவிடப் பெரிய தடை அண்ட நுண்ணலைப் பின்னணி. அண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்ட அந்தப் பழைய ஒளியில், வெப்பநிலை இடத்துக்கு இடம் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவே மாறுபடுகிறது. அதுவரை அணுப்பொருள் ஒளியோடு பிணைந்திருந்ததால் திரள முடியவில்லை. பிறகு இன்றுவரை அண்டம் சுமார் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. வழக்கமான ஈர்ப்பில் ஏற்றத்தாழ்வும் ஏறத்தாழ அத்தனை மடங்குதான் வளர முடியும். லட்சத்தில் ஒன்று ஆயிரம் மடங்கு வளர்ந்தால் நூறில் ஒன்றுதான். அப்படிப்பட்ட அண்டத்தில் இந்நேரம் ஒரு விண்மீன் மண்டலம்கூடப் பிறந்திருக்காது. ஒளியோடு பிணையாத ஒரு பொருள் முன்கூட்டியே திரளத் தொடங்கியிருந்தால்தான் கணக்கு நேராகிறது.

அந்த ஒளியின் ஏற்றத்தாழ்வுகளைக் கோண அளவுவாரியாக வரைந்தால் முகடுகள் தோன்றும். இரண்டாம் முகடு தாழ்ந்திருக்கும் என்று, கரும்பொருள் இல்லாத அண்டத்தை வைத்து மெக்கா முன்கூட்டியே கணித்தார், அது பலித்தது. ஆனால் கரும்பொருள் இல்லையென்றால் மூன்றாம் முகடு அதைவிடவும் தாழ வேண்டும். அளந்து பார்த்தபோது அது இரண்டாவதன் உயரத்துக்கு நிகராக நின்றது. என்னைக் கேட்டால், இந்த விவாதத்திலேயே எடை மிகுந்த ஒற்றைச் சான்று இந்த மூன்றாம் முகடுதான்.

புல்லட் கொத்தோடு மாண்ட்டின் கதை முடிந்துவிட்டது என்கிறார்களே?

இரண்டு கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்ற இடம் அது. மோதலில் வெப்ப வாயு உரசி நடுவிலேயே பின்தங்கிவிட்டது. மண்டலங்கள் உரசாமல் கடந்துபோய்விட்டன. அணுப்பொருளில் பெரும்பங்கு வாயுவில்தான் இருக்கிறது. ஆனால் ஈர்ப்பால் பின்னணி மண்டலங்களின் உருவம் எங்கே வளைகிறது என்று அளந்து 2006-ல் டக்ளஸ் குளோவின் குழு காட்டிய நிறை, வாயுவோடு இல்லை, மண்டலங்களோடு போய்விட்டிருந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு நிறை அங்கே இருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் கொத்துகளில் தங்களுக்கும் ஏதோ குறைகிறது என்று மாண்ட் தரப்பினர் முன்பே ஒப்புக்கொண்டவர்கள். அந்தக் குறை மண்டலங்களோடு நகரும் வகைப் பொருள் என்று அவர்கள் சொல்லலாம். ஆகவே புல்லட் கொத்து அவர்களுக்குப் பெருஞ்சுமையே தவிர, மரண அடி என்பது மிகை.

2017-ல் வந்த ஈர்ப்பலை இந்தக் கோட்பாடுகளைத் தகர்த்துவிட்டதா?

சிலவற்றைத் தகர்த்தது. மில்க்ரோம் சொன்னது ஒரு வாய்பாடு; ஒளி வளைவதையும் அண்டம் விரிவதையும் கணக்கிட ஐன்ஸ்டீனின் சார்பியலோடு இணைந்த முழுக் கோட்பாடு வேண்டும். 2004-ல் யாக்கோப் பெக்கன்ஸ்டைன் அப்படி ஒன்றைத் தந்தார். அதில் ஒளியும் ஈர்ப்பலையும் ஒரே விதமாகப் பயணம் செய்வதில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய நிகழ்வில், ஈர்ப்பலை வந்த 1.7 விநாடியில் காமா கதிரும் வந்து சேர்ந்தது. அவ்வளவு தூரம் ஓடி வந்தும் இவ்வளவு சிறிய இடைவெளி என்றால், இரண்டின் வேகமும் பாதையும் ஒன்றே. பெக்கன்ஸ்டைன் கோட்பாடும் அதை ஒத்த பலவும் அன்றோடு விலகின.

2021-ல் ஸ்கோர்டிஸ், சுவோஷ்னிக் இருவரும் வெளியிட்ட புதிய கோட்பாடு இந்தச் சோதனையையும் தாண்டுகிறது, மூன்றாம் முகட்டையும் தருகிறது. பாராட்டத்தக்க சாதனை. ஆனால் அதற்காக அவர்கள் சேர்த்த புலம், இளம் அண்டத்தில் கரும்பொருள் நடந்துகொள்வதைப் போலவே நடந்துகொள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மறுபுறம் பெரெசியானி, கூரி இருவரும், மண்டலங்களுக்குள் மீப்பாய்மமாக, அதாவது உராய்வே இல்லாமல் ஓடும் திரவம்போல் உறைந்து மாண்ட் விளைவைத் தருகிற ஒரு கரும்பொருளை முன்வைத்திருக்கிறார்கள். இரு தரப்புக்கும் நடுவிலிருந்த வேலி முன்போல் நேராக இல்லை.

கரும்பொருளே இல்லாத மண்டலத்தைக் கண்டுபிடித்தார்களே, அப்போது கரும்பொருள் பொய்தானே?

2018-ல் வான் டோக்கும் குழு அறிவித்த என்ஜிசி 1052–டிஎஃப்2 என்ற மண்டலத்தைச் சொல்கிறீர்கள். யோசித்துப் பார்த்தால் அது எதிர்த் திசையில் பேசுகிறது. கரும்பொருள் ஒரு பொருள் என்றால், ஏதேனும் மோதலில் ஒரு மண்டலம் அதை இழந்துவிட வழியுண்டு. இயற்கை விதியை எந்த மண்டலமும் இழக்க முடியாது. ஆனால் மாண்ட்டில், அருகிலுள்ள பெரிய மண்டலத்தின் ஈர்ப்பு சிறியதன் உள்ளே நடக்கும் மாண்ட் விளைவை அடக்கிவிடும் என்றொரு விதி முதலிலிருந்தே உண்டு. எனவே இந்த ஒரு மண்டலம் வழக்கைத் தீர்க்கவில்லை.

இரட்டை விண்மீன்களை வைத்து மாண்ட் நிரூபணமாகிவிட்டது என்று செய்தி வந்ததே?

அதே ஆண்டுகளில் மாண்ட் பொய்த்துவிட்டது என்ற செய்தியும் வந்தது. ஒன்றையொன்று பல ஆயிரம் பூமி–சூரியத் தொலைவுகளில் சுற்றும் விண்மீன் இணைகளில், மேலே சொன்ன முடுக்க எல்லை எட்டப்படுகிறது. அவ்வளவு சிறிய இடத்தில் கரும்பொருளுக்கு வேலையே இல்லை என்பதால் இது மிகத் தூய்மையான சோதனை. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு, வேகம் கூடியிருக்கிறது என்றார் தென் கொரியாவின் சே. அப்படி எதுவும் இல்லை என்றது பானிக் குழு. எதிர்பார்க்கும் வேறுபாடு இருபது விழுக்காடு அளவே. இணையில் ஒன்று, தானே கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது துணை விண்மீனைக் கொண்டிருந்தால் அதே அளவு பிழை வந்துவிடும். எந்த இணைகளைக் கழிப்பது என்பதில்தான் சண்டை.

இதெல்லாம் பழைய ஈதர் கதைதானே?

ஒளி பரவ ஊடகமாக இருப்பதாக நம்பப்பட்டு, பின்பு இல்லை என்று கைவிடப்பட்ட ஈதரைச் சொல்கிறீர்கள். வரலாற்றை எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும். யுரேனசின் பாதை பிசகியபோது, காணாத கோள் ஒன்று இருக்கும் என்று லெவெரியே கணக்கிட்டார்; 1846-ல் பெர்லினில் நெப்டியூன் கிடைத்தது. புதனின் பாதை பிசகியபோதும் அவர் அதையே சொன்னார். அந்தக் கோள் கிடைக்கவே இல்லை, 1915-ல் ஐன்ஸ்டீன் விதியையே மாற்றினார். ஒரே மனிதர், ஒரே முறை, இரண்டு முடிவுகள். எனவே உவமையை வைத்து எந்தத் தரப்புக்கும் தீர்ப்பு எழுத முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் எந்தப் பக்கம்? எது வந்தால் மாறுவீர்கள்?

கரும்பொருள் பக்கம், காரணம், மூன்றாம் முகடும் மண்டலங்கள் பிறந்த கணக்கும். அதே வேளையில் 153 மண்டலங்களின் அந்த ஒற்றை வளைவைத் தற்செயல் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இனி வரும் கையா தரவில் எதிரெதிர்க் குழுக்கள் இரண்டும் ஒரே இணைகளை எடுத்துக்கொண்டு வேகம் கூடியிருப்பதை ஒப்புக்கொண்டால், நான் நிலையை மாற்றிக்கொள்வேன்.

நான் அதிகம் எதிர்பார்ப்பது வேறொரு சோதனையை. கரும்பொருள் மெய்யென்றால், விண்மீனே இல்லாத அதன் சிறு திரள்கள் பால்வீதியைச் சுற்றி ஏராளமாக இருக்க வேண்டும். மாண்ட்டில் அவற்றுக்கு இடமில்லை. அப்படி ஒன்று, சிதைந்த விண்மீன் கொத்திலிருந்து நீளும் மெல்லிய ஓடையைக் கடந்தால் அதில் இடைவெளி விழும். ஜிடி–1 என்ற ஓடையில் அப்படியோர் இடைவெளி உள்ளது. பத்து லட்சம் முதல் பத்துக் கோடி வரை சூரிய நிறையுள்ள ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் பொருந்தும் ஒளிரும் பொருள் தென்படவில்லை. சிலி நாட்டு மலையில் 2025-ல் முதல் படங்களை வெளியிட்ட வீரா ரூபின் ஆய்வகம், பத்தாண்டு வானத்தை அளக்கும்போது இன்னும் பல ஓடைகள் தெரியும். அவற்றில் இடைவெளிகள் கணித்த எண்ணிக்கையில் இருந்தால் மாண்ட்டுக்கு மிகக் கடினம்; எல்லா ஓடைகளும் பழுதின்றி இருந்தால் இப்போதைய கரும்பொருள் கோட்பாட்டை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.